இருப்புப்பாதை ஏறாத மலையூர்: கோத்தகிரி

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று குன்னூர் வழியாக உதகைக்குப் போகிறது. மற்றொன்று கோத்தகிரிக்குப் போகிறது. கோடை விடுமுறை நாளொன்றில் அந்தப் பிரிவில் அரை நாழிகை நின்றால் போதும், கூட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது விளங்கிவிடும். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன், சமவெளியிலிருந்து நீலகிரிக்கு முதன்முதலாகப் போடப்பட்ட சாலை சென்றடைந்த ஊர் கோத்தகிரிதான். முதலில் வழி கண்ட ஊர் பிறகு வழியோரத்து ஊராக ஆனது எப்படி, அதனால் அது இழந்தது என்ன, காத்துக்கொண்டது என்ன என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இந்த அமைதியான மலையூருக்கு வரும் பயணி காணத்தக்கவற்றையும் அந்த வரலாற்றின் வழியாகவே சொல்ல விரும்புகிறேன்.

பெயருக்குள் ஒரு தெரு

கோத்தகிரி என்பதை, இங்கு வாழும் மலைமக்களான கோத்தர்களின் மலை என்று பொருள் கொள்வது வழக்கம். ஆயினும் பழைய வடிவம் 'கோத்தகேரி' என்றும், கோத்தர் வாழும் தெரு என்பதே அதன் பொருள் என்றும் நீலகிரி வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். கன்னடத்துக் 'கேரி'யும் நம் 'சேரி'யும் ஒரே வேரின் இரு கிளைகள். முன்னுயிருக்கு முன் வரும் ககரம் தமிழில் சகரமாக மாறியது. கன்னடத்திலும் கோத்தர் மொழியிலும் மாறாமல் நின்றது. நாம் 'செவி' என்பதைக் கோத்தர் இன்றும் 'கெவ்' என்கிறார்கள். தமிழில் அந்த ஒலிமாற்றம் நிகழும் முன்பே தோதவர், கோத்தர் ஆகிய மலைமக்களின் மொழிகள் பிரிந்துவிட்டன என்று மொழியியலார் கொள்வதற்கு இத்தகைய சொற்களே சான்று.

இந்தச் சிறு மலைமொழியை உலகறியச் செய்தவர் மரே எமனோ. 1930களில் நீலகிரியில் தங்கி ஆய்ந்த அவர், கோத்தர் கதைகளையும் வழக்குகளையும் நான்கு பகுதிகளாக 1944 முதல் 1946 வரை வெளியிட்டார். பின்னர் தாமஸ் பர்ரோவுடன் இணைந்து அவர் உருவாக்கிய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-இல் வெளிவந்தது. திராவிட மொழிநூலின் ஆணிவேர்களில் ஒன்று இம்மலைச்சரிவில் ஊன்றியிருக்கிறது.

நீலகிரியில் கோத்தர் ஊர்கள் ஏழு. கோத்தர் ஊரைக் 'கோக்கால்' என்பர். கோத்தகிரியை ஒட்டிய ஊரைக் கோத்தர் 'போர்கார்' என்கின்றனர். இரும்பு அடித்தல், மரவேலை, மட்பாண்டம், இசை ஆகிய நான்கும் இவர்களது பழந்தொழில்கள். மண் பிசைந்து கலம் வனைபவர்கள் பெண்கள். கத்தியும் கலப்பைக் கொழுவும் செய்து தந்து, சாவிலும் விழாவிலும் 'கொள்' என்னும் குழலும் முழவுகளும் இசைத்து, பிற மலைமக்களோடு கொடுக்கல் வாங்கலில் வாழ்ந்தவர்கள். கறுப்புப் பசு ஒன்று முன்னோரை மலையெங்கும் அழைத்துச் சென்றதாகவும், அது கால் பதித்து நின்ற இடங்களிலெல்லாம் ஊர் அமைத்ததாகவும் இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை உண்டு. கோத்தர் இசையை ஆய்ந்த ரிச்சர்டு உல்ஃப் 2005-இல் வெளியான தம் நூலுக்கு அந்தப் பசுவின் காலடித் தடத்தையே பெயராக வைத்தார்.

முதல் சாலை

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன், 1818-இல் தம் உதவியாளர் இருவர் மலையேறிக் கண்டு வந்ததைக் கேட்டு, 1819 சனவரியில் தாமே ஏறினார். அவர் தங்கியதும் அவ்வாண்டே வீடு கட்டத் தொடங்கியதும் கோத்தகிரியை ஒட்டிய திம்பட்டி, கன்னேரிமுக்குப் பகுதியில்தான். உதகையில் அவர் எழுப்பிய கல்வீடு 1822-இல்தான் தொடங்கியது. அடிவாரச் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் சாலைப் பணி 1821-இல் தொடங்கி, மக்பெர்சன் என்ற படை அதிகாரியின் மேற்பார்வையில் 1823-இல் முடிந்தது.

கோத்தகிரிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டரில், கன்னேரிமுக்கில் சல்லிவனின் பங்களா சீரமைக்கப்பட்டு நினைவகமாக நிற்கிறது. நீலகிரி பற்றிய பழைய படங்களும் ஆவணங்களும் மலைமக்களின் புழங்குபொருள்களும் உள்ளே இருக்கின்றன. உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் இம்மலையில் வேர்பிடித்த கதைக்கும் இதுவே வாயில். சல்லிவனை மலையைக் 'கண்டுபிடித்தவர்' என்று சொல்வதை மட்டும் நாம் விட்டுவிட வேண்டும். சிலப்பதிகாரத்துச் செங்குட்டுவன் வடதிசைச் செலவில் பாசறை அமைத்தது நீலகிரியில். போசளத் தளபதி புணிசனின் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, தோதவரையும் நீலமலையையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சல்லிவன் வந்தபோது இங்கே வயலும் வழிபாடும் இசையும் இருந்தன. தோதவரின் நில உரிமைக்காக அரசோடு வாதாடியவர் அவர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பிறகு வழி மாறியது. 1830களின் தொடக்கத்தில் குன்னூர் மலைப்பாதை திறந்தது. போக்குவரத்து அங்கே நகர்ந்தது. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் மலை இருப்புப்பாதை ஏறியது. 2005-இல் உலக மரபுச் சின்னமான அந்த இரயில், கோத்தகிரிப் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்சித் தலைமையும் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் உதகைக்குப் போயின. கோத்தகிரிக்குக் கிடைத்தது ஓய்வு.

மழை வரும் திசை

ஊரின் அமைதிக்கு வரலாறு ஒரு காரணம் என்றால், மலையின் அமைப்பு மற்றொன்று. மேற்கே 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் பெருமழையை அந்தத் தொடர் வாங்கிக்கொள்வதால், ஆடி மாதத்தில் கூடலூர்ப் பக்கம் கொட்டித் தீர்க்கும்போது கோத்தகிரியில் சாரலும் மூடுபனியுமாகவே இருக்கும். இவ்வூருக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில், கீழைக் கடலிலிருந்து வருவது. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில் இருப்பதால் உதகையின் கடுங்குளிரும் இங்கே இல்லை. உடல் தேற வேண்டியவர்கள் இங்கே வந்து தங்கும் வழக்கம் பழையது. தலைமை ஆளுநர் டல்ஹவுசி 1855-இல் நீலகிரிக்கு வந்தபோது சில காலம் கோத்தகிரியிலும் தங்கினார்.

அந்தக் கீழைமழைக்குச் சினமும் உண்டு. 2009 நவம்பரில் பெய்த அடைமழையில் நீலகிரியின் கிழக்குச் சரிவுகள் பல இடங்களில் சரிந்து உயிர்களைக் கொண்டுபோயின. சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்புவோர் அந்த ஆண்டை மறக்கக் கூடாது. பயணி மலையேறச் சிறந்த காலம் தை முதல் வைகாசி வரை.

சோலையும் அருவியும்

கோத்தகிரியில் ஒரே ஓரிடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாரேனும் சொன்னால், லாங்வுட் சோலைக்கே போகச் சொல்வேன். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர். பரப்பு 116 எக்டேர். குட்டையாகத் தடித்து, கிளை பின்னி, பாசி போர்த்து நிற்கும் இம்மரங்கள் மழையைப் பிடித்து வைத்து ஆண்டெல்லாம் கசியவிடுகின்றன. சுற்றியுள்ள ஊர்கள் பலவற்றுக்குக் குடிநீர் இங்கிருந்தே போகிறது. நாவல் இனமும் காட்டுச் செண்பகமும் உருத்திராக்க இனமும் கலந்து நிற்கும் நிழலில் நீலகிரிச் சிரிப்பானின் குரல் கேட்கும். பொறுமையிருந்தால் கருப்பும் ஆரஞ்சும் கலந்த ஈப்பிடிப்பான் கண்முன் வந்தமரும். சங்கப் புலவர் ஆமான் என்று பாடிய காட்டுமாடு தேயிலைக்குள் மேய்ந்துவிட்டு ஒதுங்குவதும் இங்கேதான். விறகு வெட்டாலும் மேய்ச்சலாலும் நலிந்த இந்தக் காட்டை ஊர் மக்களே குழு அமைத்துக் காத்தார்கள். அதன் பயனாக 2024 சனவரியில் இச்சோலை ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஏரியும் சதுப்புமாகவே நாம் எண்ணிவந்த அப்பட்டியலில் ஒரு மலைக்காடு நீர்நிலையாக ஏற்கப்பட்டது, சோலைதான் நீரின் தாய் என்று மலைமக்கள் அறிந்திருந்ததற்குக் கிடைத்த ஒப்புதல்.

அரவேணுப் பக்கம் காத்தரின் அருவி ஏறத்தாழ 250 அடி உயரத்திலிருந்து விழுகிறது. முழு அருவியையும் காண வேண்டுமானால் குன்னூரை அடுத்த டால்பின் மூக்கு முனைக்குப் போக வேண்டும். கோத்தகிரியில் குடியேறிக் காப்பி பயிரிட்ட காக்பர்ன் என்னும் ஆங்கில அதிகாரியின் மனைவி பெயரே காத்தரின். அவர்கள் மகள் மார்கரெட் காக்பர்னைப் பற்றி நம்மவர் அறிந்தது குறைவு. 1829-இல் பிறந்து நூறாண்டை எட்டும் வயது வரை வாழ்ந்த அப்பெண்மணி, 1863-இல் கோத்தகிரியில் தேயிலை பயிரிட்ட முன்னோடி. நீலகிரிப் பறவைகளையும் செடிகளையும் வண்ணத்தில் தீட்டினார். இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி ஹியூம் எழுதிய நூலில் கோத்தகிரிச் செய்திகள் பல இவர் அனுப்பியவை. மற்றோர் அருவியான உயிலட்டிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் எல்க் அருவி. ஐரோப்பிய மானின் பெயரைக் கடமானுக்குச் சூட்டியது அக்கால வேட்டைக்காரர் வழக்கம். உயிலட்டி என்றே நாம் சொல்வோம்.

கொழுந்தும் வெண்துகிலும்

சாலையின் இருபுறமும் தேயிலை. இவற்றில் பெரும்பகுதி பெருந்தோட்டம் அன்று. அரை ஏக்கரும் ஓர் ஏக்கரும் வைத்திருக்கும் படகர் குடும்பங்களின் நிலம். பறித்த பச்சைத் தேயிலையைக் கூட்டுறவுத் தொழிற்சாலைக்கோ தனியார் தொழிற்சாலைக்கோ எடைபோட்டுக் கொடுத்து, கிலோவுக்கு அந்த மாதம் என்ன விலை என்று காத்திருக்கும் வாழ்க்கை அவர்களுடையது. பயணி வாங்கும் நூறு கிராம் தூளுக்குப் பின்னால் அந்தக் காத்திருப்பு இருக்கிறது. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர் குடும்பங்களும் இம்மாவட்டத்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து வேரூன்றினார்கள். இரண்டு மலைகளின் நினைவைச் சுமந்த கைகள் இங்கே கொழுந்து பறிக்கின்றன.

மார்கழி, தை மாதங்களில் வந்தால் எத்தையம்மன் விழாவைக் காணலாம். கோத்தகிரியை அடுத்த பேரகணியில் அம்மனை வழிபட, படகர்கள் வெண்துகில் உடுத்தி ஊர் ஊராக நடந்து வருவார்கள். பச்சைத் தேயிலைச் சரிவில் வெள்ளை வரிசை வளைந்து இறங்கும் அக்காட்சியை நான் கண்ட நாளில், பேசிக்கொண்டிருந்த எங்கள் குழு தானாகவே வாயடங்கி நின்றது. தை மாதத்தில் கோத்தர்களும் தங்கள் கம்பட்டராயர் விழாவைக் கொண்டாடுகின்றனர். அழைத்தால் போகலாம், கேட்டுக்கொண்டு படம் எடுக்கலாம். கோயில் எல்லைக்குள் தானாக நுழைவது முறையன்று.

கோடநாட்டு விளிம்பு

கிழக்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டரில் கோடநாடு காட்சிமுனை. நீலகிரி அங்கே திடுமென முடிகிறது. கீழே ஆழத்தில் மாயாறு மின்னுகிறது. நீரோடு வாழும் தெங்குமரகடா ஊர் பச்சைத் துணுக்காகத் தெரிகிறது. தொலைவில் பவானிசாகர் நீர்ப்பரப்பு. எதிரே இருளரும் படகரும் வணங்கும் ரங்கசாமி மலையும், அதனருகே தனித்து நிமிரும் கல்தூணும். தெங்குமரகடா கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அங்கு வண்டியில் போக மலையிறங்கி, பவானிசாகரிலிருந்து காட்டுக்குள் சென்று, மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். பவானிசாகர் நீருக்கு அடியில் தண்ணாயக்கன் கோட்டை மூழ்கிக் கிடக்கிறது. சல்லிவன் காலத்தவர் மலையேறத் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. மலைக்கு ஏறிய பழைய வழியின் தொடக்கத்தை இங்கிருந்து ஒரே பார்வையில் கண்டுவிடலாம்.

இதற்கும் முந்தைய தடங்கள் உண்டு. கீழ்க்கோத்தகிரிக் காட்டில், இருளர் வாழும் கரிக்கியூரில் பாறை முகப்புகளில் பழங்கால மனிதர் தீட்டிய விலங்குகளும் மனித உருவங்களும் உள்ளன. வந்தவர்கள் சிலர் அவற்றின்மேல் தம் பெயரைக் கீறிப் பாழாக்கினார்கள் என்பதை எழுதவே கை கூசுகிறது. வனத்துறை அனுமதியும் ஊரார் துணையும் இல்லாமல் அங்கே போகக் கூடாது.

வருபவர்க்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், குன்னூரிலிருந்து இருபதுக்குச் சற்று மேல், உதகையிலிருந்து முப்பதுக்குள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற்றே மலையேற வேண்டும். ஞெகிழிப் பைகளுக்கும் குடிநீர்ப் புட்டிகளுக்கும் மாவட்டத்தில் தடை. அந்தி சாய்ந்தபின் தேயிலைக்குள் தனியே நடக்க வேண்டாம். காட்டுமாடும் கரடியும் ஊரோரம் வரும். ஒரே நாளில் ஏழு இடம் பார்க்கும் அட்டவணையோடு வருபவருக்கு இவ்வூர் ஏமாற்றமே தரும். இரண்டு இரவு தங்கி, ஒரு காலையைச் சோலைக்கும் ஒரு மாலையைக் கோடநாட்டுக்கும் கொடுப்பவருக்கு அது தன்னைத் திறந்து காட்டும்.

இருப்புப்பாதை ஏறாததால் கோத்தகிரி வணிகத்தை இழந்தது. சோலையையும் நடைவழியையும் கோத்தரின் ஏழு ஊரில் ஓர் ஊரையும் காத்துக்கொண்டது. இனி அந்தக் காவல் இயல்பாக நடக்காது. வண்டிகள் பெருகிவிட்டன, சரிவுகளில் விடுதிகள் எழுகின்றன. எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கிடுவதை விட, வந்தவர் எவ்வளவு நேரம் ஓரிடத்தில் நின்றார் என்று கேட்பதே இத்தகைய ஊருக்கு உகந்த சுற்றுலா அளவுகோல். கறுப்புப் பசு கால் பதித்து நின்ற இடத்தில்தான் முன்னோர் ஊர் கண்டார்கள். நாமும் இங்கே வந்து சற்று நிற்போம்; நாம் போனபின் அதன் தடம் அழியாமல் இருக்கட்டும்.