முகத்துக்கு நேரா மறுத்தால் அபராதம்: பிராங்க்ளினின் வெள்ளிக்கிழமைக் கூட்டம்

நம்ம ஊர் டீக்கடையிலும் சலூனிலும் ஒரு போர்டு தொங்கும், பார்த்திருப்பீங்க. ‘இங்கு அரசியல் பேசக் கூடாது.’ சின்ன வயசில் அதைப் படிச்சுச் சிரிப்பேன். டீக்கடையில் பேசாம வேற எங்கே போய்ப் பேசுறது? ஆனா போன வருஷம், நானே அப்படி ஒரு போர்டு மாட்டுற நிலைமைக்கு வந்துட்டேன்.

நாங்க நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருத்தன் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பேச ஆரம்பிச்சோம். படிச்ச புத்தகம், பார்த்த படம், நாட்டு நடப்பு. நல்லா இருக்குன்னு கேள்விப்பட்டு நண்பர்களின் நண்பர்கள் வந்தாங்க. ஆறே மாசத்தில் இருபது பேருக்கு மேல். ஒரு நாள் தேர்தல் பற்றிப் பேச்சு வந்தது. நான் ஒருத்தனைப் பார்த்து, அத்தனை பேர் முன்னாடி, “இதைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்?”னு கேட்டுட்டேன். அவன் பதில் சொல்லலை. செருப்பை மாட்டிக்கிட்டுப் படியிறங்கிப் போயிட்டான். அந்த மாடியே அவன் வீட்டு மாடிதான்.

“இனிமே அரசியல் வேண்டாம்”னு முடிவு பண்ணி, வேற இடத்தில் ரெண்டு வாரம் கூடினோம். யாருக்கும் பேச ஒண்ணுமில்லை. மூணாவது வாரம் யாரும் வரலை.

அதுக்கப்புறம்தான் இந்தக் கதையைத் தேடிப் படிச்சேன். நிறைய பேர் கூடிப் பேசுற ஒரு வட்டம் கிட்டத்தட்ட 40 வருஷம் எப்படித் தாக்குப்பிடிச்சது? இடம், அமெரிக்காவின் பிலடெல்பியா. வருஷம், 1727. அமெரிக்கா அப்போ தனி நாடே இல்லை, பிரிட்டிஷ் காலனி. கூட்டத்தை ஆரம்பிச்சவருக்கு வயது 21. பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின்.

அவரை நமக்குப் பட்டம் விட்டு மின்னலைப் பிடிச்சவராகத்தான் தெரியும். டாலர் நோட்டில் இருக்கிற அமைதியான தாத்தா முகம். ஆனா சின்ன வயசில் அவர் சரியான வாக்குவாதப் பேர்வழி. பாஸ்டன் நகரத்தில் அப்பா வச்சிருந்த மத வாதப் புத்தகங்களைப் படிச்சு வந்த பழக்கம் இதுன்னு அவரே சுயசரிதையில் ஒத்துக்கிறார். காலின்ஸ்னு ஒரு நண்பர். ரெண்டு பேரும் சந்திச்சாலே சண்டைதான். பிறகு சாக்ரடீஸ் பாணியைக் கத்துக்கிட்டார்: அடக்கமாக் கேள்வி மேல கேள்வி கேட்டு, எதிராளியை அவர் வாயாலேயே மாட்ட வைக்கிறது. தனக்கும் தன் கட்சிக்கும் தகுதியில்லாத வெற்றிகளை எல்லாம் இப்படியே சம்பாதிச்சாராம். இந்த வாதாடும் குணம் புத்திசாலிகளிடம் அதிகம் இருக்காது, வக்கீல்களிடமும் பல்கலைக்கழக ஆட்களிடமும் எடின்பரோவில் படிச்சவங்களிடமும்தான் இருக்கும்னு வேற கிண்டல் பண்றார்.

17 வயசில் பாஸ்டனை விட்டு ஓடி வந்து, நடுவில் லண்டன் போய்த் திரும்பி, பிலடெல்பியாவில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்துக்கிட்டு இருந்தப்பதான் ஜன்டோ என்ற அந்த வட்டத்தைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாலை, முதலில் ஒரு மதுக்கடையில். வந்தவங்க யாரும் பெரிய மனுஷங்க இல்லை. பத்திரங்களைப் படியெடுத்துப் பிழைக்கிற ஒருவர், நிலம் அளக்கிறவர், செருப்புத் தொழில் பழகினவர், தச்சர், கடைக் கணக்கர், அச்சகத்தில் கூட வேலை பார்த்த மூணு பேர். அதில் ஒருத்தர் ஆக்ஸ்போர்டில் படிப்பைப் பாதியில் விட்டுட்டு, கப்பல் கூலிக்காகத் தன்னையே சில வருஷம் ஒப்பந்த வேலைக்கு எழுதிக் கொடுத்து வந்தவர். வசதியானவர்னு பார்த்தா ராபர்ட் கிரேஸ் ஒருத்தர்தான். பின்னாடி அவர் வீட்டு அறைக்கே கூட்டம் மாறியது.

உள்ளே நுழையும்போதே நெஞ்சில் கை வச்சுச் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லணும். இங்கே இருக்கிற யார் மேலாவது உனக்கு மரியாதைக் குறைவு உண்டா? தொழிலோ மதமோ பார்க்காம மனிதர்களை நேசிக்கிறாயா? ஒருத்தரின் கருத்துக்காகவோ வழிபாட்டுக்காகவோ அவர் உடம்புக்கோ பெயருக்கோ சொத்துக்கோ கெடுதல் செய்யலாம்னு நினைக்கிறாயா? உண்மையை உண்மைக்காகவே விரும்புகிறாயா? இப்படி. நாங்க மாடிக்கு வர்றவங்களைக் கேட்ட ஒரே கேள்வி, “டீயா, காபியா?”

பேச்சுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒவ்வொருவரும் முறை வச்சு அறம், அரசியல், இயற்கை விஞ்ஞானம் என ஏதாவது ஒன்றில் விவாதக் கேள்வி கொண்டு வரணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை சொந்தமாக ஒரு கட்டுரை எழுதி வாசிக்கணும். இதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது, கேள்வியை ஒரு வாரம் முன்னாடியே வாசிச்சுடுவாங்க என்பது. அந்த வாரம் முழுக்கப் படிச்சுட்டு வரலாம். நாங்க என்ன பண்ணினோம்? அன்னைக்குக் காலையில் எது ட்ரெண்டிங்கோ அதைப் பற்றி, அரைகுறையாப் படிச்சதை வச்சு, சாயங்காலம் சத்தம் போட்டோம்.

விவாதம் தவிர 24 கேள்விகள் கொண்ட ஒரு நிரந்தரப் பட்டியலும் உண்டு. சமீபத்தில் படிச்சதில் எது மத்தவங்களுக்குப் பயன்படும்? ஊரில் யார் தொழில் நொடிச்சது, என்ன காரணம்? யார் நல்லா வர்றாங்க, எப்படி? புதுசா ஊருக்கு வந்திருக்கிற நல்லவர் யாராவது உண்டா, நாம உதவ முடியுமா? சட்டத்தில் ஏதாவது குறை தெரியுதா? உன் பெயரை யாராவது கெடுக்கிறாங்களா, நாம என்ன செய்யலாம்? ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் ஒரு கிளாஸ் ஒயின் ஊற்றிக் குடிக்கிற அளவு இடைவெளி விடணும்னு அதிலேயே எழுதியிருக்கு. 24 கேள்விக்கு எத்தனை கிளாஸ்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இப்போ அந்த அபராதத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் இது கிடையாது. கொஞ்ச காலம் கூடிப் பேசின பிறகுதான் வந்ததுன்னு பிராங்க்ளினே எழுதுகிறார். விதி இதுதான்: ‘இது நிச்சயம் இப்படித்தான்’னு அடிச்சுப் பேசக் கூடாது. இன்னொருத்தர் சொன்னதை முகத்துக்கு நேரா ‘தப்பு’னு மறுக்கக் கூடாது. மீறினா சின்னதா ஓர் அபராதம். அவ்வளவுதான்.

நல்லா கவனிங்க. டீக்கடை போர்டு தடை செய்வது விஷயத்தை. ஜன்டோ தடை செய்தது தொனியை. அரசியல் பேசலாம், மதம் பேசலாம், பணம் பேசலாம். ‘எனக்கு இப்படித் தோணுது’னு சொல்லிட்டுப் பேசணும். இது வெறும் நாசூக்கு இல்லைன்னு நினைக்கிறேன். நேரா மறுக்கப்பட்ட ஆள் அடுத்த நிமிஷத்திலிருந்து விஷயத்தைப் பேச மாட்டார், தன் மானத்தைக் காப்பாத்தத்தான் பேசுவார். மாடிப்படியில் இறங்கிப் போனவன் அதைக்கூடச் செய்யலை.

இந்த விதி யாருக்கு அதிகம் தேவைப்பட்டது? பிராங்க்ளினுக்குத்தான்! பிற்காலத்தில் ஒரு குவேக்கர் நண்பர், ‘உங்க பேச்சில் கர்வம் தெரியுது, சரியா இருந்தா மட்டும் போதாதுன்னு அடுத்தவரை மட்டம் தட்டுறீங்க’ங்கிற மாதிரி உதாரணங்களோட சொல்லியிருக்கிறார். உடனே தன் நற்குணப் பட்டியலில் 13-வதாகப் பணிவைச் சேர்த்து, ஜன்டோவின் பழைய விதியைத் தன் வாழ்க்கைக்கே எடுத்துக்கிட்டார். ‘நிச்சயமாக’, ‘சந்தேகமில்லாமல்’ போன்ற வார்த்தைகளுக்குத் தடை. அப்புறம் ஒரு விஷயத்தை ஒளிக்காம ஒத்துக்கிறார்: பணிவு உள்ளே வந்துச்சான்னு பெருமைப்பட முடியாது, வெளித்தோற்றத்தில் நல்லாவே வந்துச்சு. எனக்கு இந்த மனுஷனைப் பிடிச்சுப் போன இடம் இதுதான்.

எல்லாருக்கும் இது ஒத்து வரலை. தாமஸ் காட்ஃப்ரே என்று ஓர் உறுப்பினர். கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. தானாகவே கணிதம் கற்ற மேதை. கடலில் கோணம் அளக்க உதவும் ஒரு கருவியைப் பின்னர் வடிவமைத்தவர். ஆனா யார் எதைச் சொன்னாலும் கணிதம் போலத் துல்லியமா இருக்கணும்னு எதிர்பார்ப்பார். அற்பக் குறைக்கெல்லாம் மறுப்பு சொல்வார். சீக்கிரமே விலகிட்டார். அந்த அறையின் மிகப் பெரிய மூளை அவருடையதா இருந்திருக்கலாம். அவர் போனதில் பிராங்க்ளினுக்குப் பெரிய வருத்தம் இருந்த மாதிரி தெரியலை.

அடுத்தது எண்ணிக்கை. நாங்க இருபதைத் தாண்டினப்போ பெருமைப்பட்டோம். ஜன்டோவில் 12 பேர்தான். வட்டத்தையே ரகசியமா வச்சிருந்தாங்க. தெரிஞ்சா ஆளாளுக்குச் சேரணும்னு கேட்பாங்க, மறுக்க முடியாத சிபாரிசும் வருமே. சில உறுப்பினர்கள் நண்பர்களைச் சேர்க்கணும்னு கேட்டப்போ பிராங்க்ளின் வேற வழி சொன்னார்: ஒவ்வொருத்தரும் தனியா ஒரு வட்டம் ஆரம்பிங்க, அதே விதிகளோட. ஐந்தாறு வட்டங்கள் அப்படி உருவாச்சு. ஆனா ஒரு நிபந்தனை. பின்னாடி ஜன்டோ இருக்குன்னு அந்த வட்டங்களுக்குச் சொல்லக் கூடாது.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துது. நகரத்து இரவுக் காவலை எடுத்துக்கோங்க. காவலுக்குப் போக முடியாத வீட்டுக்காரர் வருஷத்துக்கு 6 ஷில்லிங் கட்டணும். ஏழை விதவைக்கும் 6, கிடங்கு முழுக்கச் சரக்கு வச்சிருக்கிற வியாபாரிக்கும் 6. இது அநியாயம், சொத்துக்கு ஏத்த மாதிரி வரி போட்டுச் சம்பளத்துக்குக் காவலர் வைக்கணும்னு பிராங்க்ளின் ஜன்டோவில் கட்டுரை வாசித்தார். நல்ல யோசனைதான். ஆனா அது மற்ற வட்டங்களுக்குப் போனபோது, அந்தந்த வட்டத்தில் தானாகவே முளைச்ச யோசனை மாதிரி போச்சு. பிற்பாடு சட்டமும் வந்தது. இன்னைக்கு இதே வேலையைப் பார்த்தா ‘ஐடி விங்’னு சொல்வோம்.

உறுப்பினர்களின் சொந்த லாபமும் கலந்துதான் இருந்தது. காகிதப் பணத்தைக் கூட்டணுமான்னு ஜன்டோவில் விவாதம் நடந்தது. பிராங்க்ளின் கூட்டணும் என்ற பக்கம். 1729-ல் அதை ஒரு சிறு நூலா எழுதி வெளியிட்டார். பணம் அச்சடிக்கும் வேலையும் அப்புறம் அவருக்கே கிடைச்சது! அடுத்த கட்டத்தில், கூட்டாளியின் அப்பா தருவதாகச் சொன்ன பணம் வராம, கடன்காரர் வழக்குப் போட்டு அச்சகமே கைவிட்டுப் போகும் நிலை. அப்போ ஜன்டோ நண்பர்கள் கிரேஸும் கோல்மனும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம தனித்தனியா வந்து, கேட்காமலேயே பணம் தர்றதா சொன்னாங்க. யாரையும் புண்படுத்த மனசில்லாம ஆளுக்குப் பாதி வாங்கிக்கிட்டார். அந்த வெள்ளிக்கிழமைகள் இல்லைன்னா பிராங்க்ளின்னு ஒருத்தரை நாம கேள்விப்படாமலே போயிருக்கலாம்னு எனக்குத் தோணுது.

ஊருக்குக் கிடைச்சது இன்னும் அதிகம். விவாதத்துக்குப் புத்தகம் தேவைன்னு அவரவர் புத்தகங்களைக் கொண்டு வந்து அறையின் ஒரு மூலையில் வச்சாங்க. சரியாப் பராமரிக்காம ஒரு வருஷத்தில் அது கலைஞ்சு போச்சு. அந்தத் தோல்வியிலிருந்துதான் 1731-ல் 50 பேர் ஆளுக்கு 40 ஷில்லிங் போட்டுச் சந்தா நூலகம் ஆரம்பிச்சாங்க. அது இன்னைக்கும் பிலடெல்பியாவில் இருக்கு. தீ விபத்துகள் பற்றி ஜன்டோவில் வாசித்த ஒரு கட்டுரையிலிருந்து 1736-ல் தன்னார்வத் தீயணைப்புக் குழு வந்தது.

அறைக்கு வெளியே யார் இருந்தாங்கன்னும் பார்க்கணும். பெண்கள் ஒருத்தரும் இல்லை. பெண்களுக்குக் கல்வி வேணும்னு சின்ன வயசில் காலின்ஸோட வாதாடினவர்தான் இவர்! மனிதர்களை நேசிக்கிறாயான்னு நெஞ்சில் கை வைக்கச் சொன்ன அதே மனிதர், தன் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்களை அச்சிட்டார். வீட்டிலும் அடிமைகளை வச்சிருந்தார். அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானது 1787-ல், 81 வயதில். ஆக, கேள்வி கேட்கும் பழக்கம் மட்டும் அந்த அறைச் சுவரைத் தாண்ட அவரை வைக்கலை, ரொம்ப காலத்துக்கு.

கடைசியில் ஜன்டோவையும் அரசியல் தொட்டது. 1764 வாக்கில் பென்சில்வேனியாவை யார் ஆள்வது, காலனியின் உரிமையாளரான பென் குடும்பமா, மன்னர் நேரடியாகவா என்று ஊரே ரெண்டாகப் பிரிஞ்சது. பிராங்க்ளின் அந்த வருஷத் தேர்தலில் தோற்றார். பிறகு லண்டன் போனார். 1765 ஜூலையில் அங்கிருந்து பழைய உறுப்பினர் ஹியூ ராபர்ட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அரசியல் மனஸ்தாபங்கள் அங்கேயும் தலைகாட்டலாம், இருந்தாலும் கூட்டத்துக்குப் போய்க்கிட்டே இருங்கன்னு கேட்டுக்கிறார். 40 வருஷம் ஆக இன்னும் ரெண்டே வருஷம்தான் பாக்கின்னு எண்ணிச் சொல்றார். ஒண்ணா நரைச்சவங்க நாம, பிரியறதுக்கு இன்னும் நேரம் வரலைங்கிறார்.

மாடி வீட்டு நண்பனுக்கு இந்த எபிசோடோட லிங்க்கை அனுப்பப் போறேன். கேட்பானான்னு தெரியலை. நிச்சயமா கேட்பான்னு சொன்னா, அபராதம் கட்டணும்.

அடுத்த வாரம், அந்த 40 ஷில்லிங் நூலகத்தின் கதை. வர்றேன்.