சூடாகும் பெட்டியும் அதன் பழைய கதையும்



போன கிழமை மஃரிபுக்குப் பிறகு பழைய மாணவர் ஒருவர் தன் அமெச்சூர் ரேடியோவின் பவர் சப்ளையோடு வீட்டுக்கு வந்தார். "சேர், பத்து நிமிஷத்துல கை வைக்க ஏலாமச் சுடுது. பிறகு தானாவே நின்டுடுது." சுனாமியில் ஊரில் போன் செத்துக் கிடந்ததைச் சின்ன வயதில் கண்டவர். லைசன்ஸ் எடுத்ததே அதனால்தான்.

கழற்றுமுன் அவருக்குச் சொன்ன வரலாறு இது.

100 வாட் ரேடியோ ஒன்று பேசும்போது 13.8 வோல்ட்டில் சுமார் 20 அம்பியர் இழுக்கும். 13.8 என்பது ஓடும் காரின் பெட்டரி அளவு. பழைய சப்ளையில் இரும்பு ட்ரான்ஸ்போமர் ஏறக்குறைய 20 வோல்ட் கொடுக்கும். மிச்சமான 6 வோல்ட்டை ட்ரான்சிஸ்டர்கள் சூடாக்கியே கழிக்கும். 6 தர 20, 120 வாட் வீண். ஆனால் சுடும் என்று தெரிந்தே செய்த பெட்டி அது. முதுகு முழுக்க அலுமினியத் தகடு, தூக்க இரண்டு கை வேண்டும்.

மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும் யோசனை புதிதல்ல. 1930களின் கார் ரேடியோக்களில் அதிரும் தகடொன்று பெட்டரிக் கரண்டை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் வெட்டியது. 1960களில் அந்த வேலையை ட்ரான்சிஸ்டர் எடுத்துக்கொண்டது. எடை குறைய வேண்டிய அப்பல்லோ விண்கலத்தின் கணினிக்கு அது போனது. 1977இல் ஆப்பிள் 2 கணினிக்கு பேன் இல்லாத சப்ளை வேண்டுமென்றார்கள். ரொட் ஹோல்ட் இதே முறையில் செய்து கொடுத்தார். நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டினால் ட்ரான்ஸ்போமர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ரேடியோக்காரர்கள்தான் கனகாலம் தயங்கினார்கள். வெட்டும் இரைச்சல் ரிசீவருக்குள் கேட்குமே!

இப்போது வீணாவது 50 வாட் அளவுதான். ஆனால் சாப்பாட்டுப் பெட்டியளவு இடத்துக்குள். அவ்வளவையும் வெளியே தள்ளுவது ஒரு சின்ன பேன்.

திறந்தோம். கடற்காற்றும் தூசியும் பட்டு பேன் நோயாளி போலச் சுற்றியது. வெளியீட்டுப் பக்கம் இரண்டு கபாசிட்டர்கள் தலை வீங்கியிருந்தன. 10 பாகை சூடு கூடினால் கபாசிட்டரின் ஆயுள் பாதியாகும். உள்ளே காய்ந்தால் அதுவே இன்னும் சுடும். போதாததற்கு இவர் அண்மையில் டிஜிட்டல் முறைக்கு மாறியிருக்கிறார். பேச்சில் இடையிடையே ஓய்வு கிடைக்கும். இதில் ஒவ்வொரு முறையும் ஓய்வில்லாமல் முழுச் சுமை.

புதுப் பேன், 105 பாகை கபாசிட்டர் இரண்டு, பவரையும் 50 வாட்டுக்குக் குறைத்தோம். அரை மணித்தியாலம் ஓடியும் இளஞ்சூடுதான்.

(பிள்ளைகளே, நீங்கள் திறக்க வேண்டாம். உள்ளே 325 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.)

போகும்போது கேட்டேன்: "கரண்ட் இல்லாட்டி?" 2004இல் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி அனுப்பிய அமெச்சூர்காரர்கள் பெட்டரியில்தானே ஓட்டினார்கள். இவருடைய பெட்டரி இரண்டு வருஷமாகச் செத்துக் கிடக்கிறதாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.