போரியாஸ் ஆய்வுத் திட்டம்

போரியாஸ் (போரியல் சூழல்மண்டல - வளிமண்டல ஆய்வு) என்பது கனடாவின் வடபகுதிக் காடுகளுக்கும் வளிமண்டலத்திற்கும் இடையே நிகழும் ஆற்றல், நீராவி, கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றின் பரிமாற்றத்தை அறிய மேற்கொள்ளப்பட்ட பன்னாட்டு ஆய்வுத் திட்டம் ஆகும். அமெரிக்காவின் நாசாவும் கனடிய அரசு நிறுவனங்களும் இணைந்து நடத்திய இத்திட்டத்தின் முதன்மையான களப்பணிகள் 1994, 1996 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்றன. இதனை வழிநடத்தியவர்களுள் ஒருவரான பியர்ஸ் செல்லர்ஸ் பின்னாளில் விண்வெளி வீரரானார்.

ஆய்வுக் களங்கள்

போரியல் காடு (தைகா) புவியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை உள்ளடக்கியது. இதன் தென் எல்லையை ஒட்டிச் சஸ்காச்சுவான் மாகாணத்தின் பிரின்ஸ் ஆல்பர்ட் பகுதியிலும், வட எல்லையை ஒட்டி மானிட்டோபா மாகாணத்தின் தாம்சன் பகுதியிலும் களங்கள் அமைக்கப்பட்டன. கறுப்பு ஸ்புரூஸ், ஜாக் பைன், ஆஸ்பென் ஆகியன இங்குள்ள முக்கிய மரங்கள்.

தொலையுணர்தலின் பங்கு

தாவரங்களின் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது. இலைகள் அண்மை அகச்சிவப்புக் கதிர்களைப் பெருமளவில் தெறிக்கின்றன. இவ்வேறுபாட்டைக் கொண்டு செயற்கைக்கோள்கள் பசுமையை அளவிடுகின்றன. நீர் உறையும்போது அதன் மின்பண்பு மாறுவதால், காடு உறைவதையும் உருகுவதையும் ரேடார் மூலம் அறியலாம். எனினும், அடர்த்தி குறைந்த இக்காடுகளில் மரம், தரைப்பாசி, வெண்பனி ஆகிய மூன்றின் தெறிப்பும் கலந்தே பதிவாகின்றன. எனவே செயற்கைக்கோள் தரவுகள், விமானங்களிலிருந்தும் காட்டினுள் எழுப்பப்பட்ட கோபுரங்களிலிருந்தும் பெற்ற அளவீடுகளுடன் ஒப்பிடப்பட்டன.

முக்கிய முடிவு

ஒரு பரப்பு தன்மீது விழும் சூரிய ஒளியில் எவ்வளவு பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்பதே அதன் எதிரொளி திறன் ஆகும். பனி மூடிய புல்வெளிக்கு இது ஏறத்தாழ 0.75 ஆக இருக்க, ஊசியிலைக் காட்டுக்கு 0.13 அளவிலேயே இருந்தது. பனி மரங்களுக்குக் கீழே தங்கிவிட, மேலுள்ள கரும்பசுங் கிளைகள் ஒளியை உறிஞ்சுவதே இதற்குக் காரணம்.

அக்கால வானிலை முன்கணிப்பு மாதிரிகள் இக்காடுகளைத் திறந்த பனிவெளி போலக் கருதியதால், வசந்த கால வெப்பநிலையை உண்மையை விடக் குறைவாகக் கணித்து வந்தன. இம்முடிவைக் கொண்டு ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் 1996 டிசம்பரில் தன் மாதிரியைத் திருத்தியது. கணிப்புப் பிழையும் குறைந்தது. காடழிந்து பனிவெளியானால் அப்பகுதி குளிர்காலத்தில் மேலும் குளிரும் என்பதும் இதனால் விளங்கும்.

தரவுகள்

இத்திட்டத்தின் தரவுகள் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தின் தரவு மையத்தில் காக்கப்படுகின்றன. அவற்றை எவரும் கட்டணமின்றிப் பெறலாம்.