ஹாஷ் போட்டுப் பூட்டிய அறைகள்

2006-ல் நாக்பூருக்கு மாற்றலாகி வந்த புதிது. திருநெல்வேலியிலிருந்து அத்தான் ஒரு சிடி அனுப்பியிருந்தார். அம்மா தவறி ஒரு வருடம் ஆகியிருந்தது. அக்கா மகனைத் தொட்டிலில் போட்டு அம்மா பாடியது ஒரு பழைய கேசட்டில் இருந்தது. அதை எம்பி3 ஆக்கி அனுப்பியிருந்தார்.

வைரஸ் தொல்லை தாங்காமல், பத்திரிகையோடு இலவசமாகக் கொடுத்த ஒரு லினக்ஸை அப்போதுதான் கணினியில் நிறுவியிருந்தேன். சிடியைப் போட்டால் கோப்பு தெரிகிறது, சத்தம் வரவில்லை. தேவையான நிரல் இல்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. "ஏங்க, எல்லாரும் வச்சிருக்கறதையே நாமளும் வச்சுக்கக் கூடாதா?" என்றார் தங்கமணி. பதில் சொல்ல முடியவில்லை :-)

நிரல் இல்லாமல் இல்லை. வேறு அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஏன் என்று தேடப் போய்க் கிடைத்த சரித்திரம் இது.

1993-ல் அயன் முர்டாக் என்ற மாணவர் டெபியனைத் தொடங்கினார். 1997 ஜூலையில் டெபியன்காரர்கள் ஒரு 'சமூக ஒப்பந்தம்' எழுதிக்கொண்டார்கள். முன்னின்று வரைந்தவர் புரூஸ் பெரென்ஸ். டெபியன் முழுக்கக் கட்டற்ற மென்பொருளாகவே இருக்கும் என்பது அதன் முதல் வாக்குறுதி. ஆனால் கட்டற்றதல்லாத சிலதும் பயனருக்குத் தேவைப்படுமே? அவற்றுக்காக 'நான்-ஃப்ரீ', 'கான்ட்ரிப்' என்று இரண்டு தனி அறைகள் ஒதுக்கினார்கள். தான் கட்டற்றதாக இருந்தும், ஓடுவதற்குக் கட்டற்றதல்லாத ஒன்றை நம்பியிருக்கும் நிரல்களுக்கு இந்த கான்ட்ரிப். இரண்டையும் எங்கள் வழங்கியில் வைத்திருக்கிறோம், ஆனால் இவை டெபியனின் பகுதி அல்ல என்று எழுதியே வைத்தார்கள். வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது இல்லையா?

1999-ல் டெபியன் 2.1-உடன் 'ஆப்ட்' வந்தது. எந்தெந்த அறையிலிருந்து எடுக்கலாம் என்று ஒரு பட்டியல் கோப்பில் எழுதிவிட்டால் போதும். வரியின் முன்னால் ஹாஷ் குறி போட்டால் அந்த அறைக்குப் பூட்டு, எடுத்தால் திறப்பு.

2004 அக்டோபரில் வந்த உபுண்டு இதை நாலு அறையாக்கியது: மெயின், ரெஸ்ட்ரிக்டட், யூனிவர்ஸ், மல்டிவர்ஸ். எனக்கு இது வங்கி வழியாகத்தான் புரிந்தது. மெயினில் இருப்பது வங்கியே உத்தரவாதம் கொடுத்தது. யூனிவர்ஸ், வசூலுக்கு வந்த பில்; வாங்கி அனுப்புவோம், பணம் வராவிட்டால் நாங்கள் பொறுப்பில்லை. ரெஸ்ட்ரிக்டட், மூல நிரல் கிடைக்காவிட்டாலும் வன்பொருள் ஓட வேண்டுமே என்று சேர்த்துக்கொண்ட டிரைவர்கள். மல்டிவர்ஸில் உரிமச் சிக்கல் உள்ளவை; உங்கள் ஊர்ச் சட்டத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். ஆரம்பகால உபுண்டுவில் யூனிவர்ஸ் வரிகளுக்கு முன்னால் ஹாஷ் இருந்தது.

எம்பி3 விஷயம் காப்புரிமை. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தின் காப்புரிமைகளுக்கு, பிரதி ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் வசூலானது. யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கலாம் என்கிற மென்பொருளில் பிரதியை யார் எண்ணுவது? 2002-ல் ரெட் ஹாட் 8.0 எம்பி3 வசதியையே எடுத்துவிட்டது. ஜிஸ்ட்ரீமர்காரர்கள் ஒரு கௌபாய் படத்தின் பெயரை வைத்து 'குட்', 'பேட்', 'அக்லி' என்று செருகுநிரல்களைப் பிரித்தார்கள். எம்பி3 இருந்தது அக்லியில். தரம் நன்றாகத்தான் இருக்கும், விநியோகிப்பதில்தான் வம்பு. (நம் காப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 3(k) கணினி நிரலுக்கு அந்த அளவில் காப்புரிமை இல்லை என்கிறது. ஆனாலும் அமெரிக்கச் சட்டத்துக்காக நாக்பூரில் நான் காத்திருந்தேன்.)

ஃபெடோரா பக்கம் இந்த வேலையை வெளியாட்கள் செய்தார்கள். லிவ்னா, ஃப்ரெஷ்ஆர்பிஎம்ஸ், டிரிபிள் என்று தனித்தனியாக இருந்தவை 2008-ல் 'ஆர்பிஎம் ஃப்யூஷன்' என்று ஒன்றாயின. முன்பு இரண்டு களஞ்சியங்களை ஒன்றாகத் திறந்தால் ஒன்றின் பொதி இன்னொன்றின் பொதியைக் கவிழ்த்துவிடும்.

வெளிக்களஞ்சியத்தை நம்புவது எப்படி? 2007-ல் டெபியன் 4.0-ல் வந்த கையொப்பச் சோதனை நம் ஸ்பெசிமன் கையெழுத்து கார்டு மாதிரி. அதில் ஒரு ஓட்டை. ஒரு களஞ்சியத்தின் சாவியை ஏற்றுக்கொண்டால் அது எல்லாக் களஞ்சியத்துக்கும் செல்லும். ஒரு வாடிக்கையாளர் கையெழுத்தில் எல்லோர் கணக்கிலும் பணம் எடுக்கலாம் என்றால் எந்த ஆடிட்டர் விடுவார்? இந்தக் களஞ்சியத்துக்கு இந்தச் சாவி மட்டும் என்று கட்டிவைக்கும் முறை பிற்பாடுதான் பழக்கத்துக்கு வந்தது.

நிற்க. 2006-ல் நான் ஹாஷை எடுத்தேன், அக்லியை இறக்கினேன். அம்மா பாடினார். நடுவில் ஒரு இருமல், "மழை வருது, துணிய எடுங்கட்டி" என்று யாரையோ ஒரு சத்தம், திரும்பப் பாட்டு. தங்கமணி எதுவும் சொல்லவில்லை.

2017 ஏப்ரலில் எம்பி3 உரிமத் திட்டம் முடிந்தது. 2022-ல் டெபியனில் வாக்கெடுப்பு நடத்தி ஒப்பந்தத்தையே திருத்தினார்கள். கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரும் நிறுவும் வட்டிலேயே சேர்ந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் அதற்கென்று இன்னொரு அறை. மகளின் லேப்டாப்பில் அதைப் போட்டபோது வைஃபை தானே வந்தது, பாட்டும் பாடியது. இதற்கா நீ ராத்திரியெல்லாம் உட்கார்ந்தாய் என்று கேட்டாள்.

கேசட் இன்னும் அத்தானிடம் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஃப்ளாக்கில் ஒரு பிரதி எடுக்க வேண்டும்.