கொள்ளைநோயும் ஒரு தடையின் உட்பொருளும்

கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் செல்லலாகாது. இருக்கும் ஊரில் அது தோன்றிவிட்டால் அதற்கு அஞ்சி வெளியேறவும் கூடாது என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். 2020இல் கொரோனா பரவியபோது நம் உரைகளில் மிகுதியாக எடுத்துரைக்கப்பட்ட நபிமொழி இதுவே. நோய்த்தடுப்பின் முன்னோடி விதி என்று அதனைப் பெருமையுடன் எடுத்துக்காட்டினோம். அதன் பிற்பாதியில் பொதிந்துள்ள கடமையையோ நாம் அவ்வளவாகப் பேசவில்லை.

ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) ஃபலஸ்தீனின் அம்வாஸில் தொடங்கிய கொள்ளைநோய் ஷாம் தேசத்தை உலுக்கியது. ஷாமை நோக்கிச் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள், வழியில் ஸர்ஃக் என்னுமிடத்தில் செய்தியறிந்து தோழர்களுடன் கலந்தாலோசித்துத் திரும்பினார்கள். பின்னர், தளபதி அபூ உபைதா (ரலி) அவர்களை மதீனாவுக்கு அழைத்து மடல் அனுப்பினார்கள். அழைப்பின் நோக்கத்தை உணர்ந்த அபூ உபைதா, தம் படையினரை விட்டுவிட்டு வர இயலாது என்று பணிவுடன் மறுத்து, அந்நோயிலேயே மறைந்தார்கள். அவருக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களும் மறைந்தார்கள். அடுத்து வந்த அம்ர் பின் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைப்பகுதிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அது தனியொருவரின் தப்பியோட்டமன்று. அனைவரையும் காக்கும் பொது ஏற்பாடு.

வெளியேறுவதற்கு ஏன் தடை? உடல்நலம் உள்ளோர் எல்லாரும் போய்விட்டால் நோயாளிகளைப் பராமரிக்க எவரும் இருக்கமாட்டார்கள் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) விளக்குகிறார்கள். அவ்வாறாயின், இத்தடை எளியோருக்கான பாதுகாப்பும் ஆகும்.

பராமரிப்பு உடலோடு முடிந்துவிடுவதில்லை. ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தார். கோபம், அச்சம், துயரம், ஓயாத வீண் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துத் தீர்வு கூறினார். கொள்ளைநோய் பற்றித் தனி நூல் எழுதிய இமாம் இப்னு ஹஜர் அல்-அஸ்கலானி (ரஹ்), தம் புதல்வியர் மூவரை அந்நோய்க்குப் பறிகொடுத்தவர். துயரம் ஈமானின் குறைவு அன்று. மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்களே துயரத்தால் வெளுத்துப்போயின.

நம் சென்னையை எண்ணிப் பாருங்கள். 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யச் சென்றோர் கும்பலால் தாக்கப்பட்டனர். அச்சம் மனிதரை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதற்கு அதுவே சான்று. அதே நகரில், தமுமுக உள்ளிட்ட அமைப்புகளின் தன்னார்வலர்கள் பிற சமயத்தவரின் உடல்களையும் கண்ணியத்துடன் அடக்கம் செய்தனர். ஆயினும், மரித்தோருக்குக் கிடைத்த அக்கறை உயிரோடிருந்தோர் அனைவருக்கும் கிடைத்ததா? ஜனாஸாவில் நிற்க முடியாத பிள்ளைகள், ஆறுதல் கூற எவரும் வராமல் இத்தா இருந்த பெண்கள், பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கத் திருவான்மியூரின் அடுக்ககங்களில் தனித்திருந்த முதியோர், நாள்கூலி நின்றுபோன குடும்பத்தலைவர்கள் ஆகியோரின் காயங்கள் கண்ணுக்குப் புலப்படாதவை.

ஆகவே, அடுத்த பேரிடர் வருமுன் ஒவ்வொரு மஹல்லாவும் தனித்து வாழ்வோரின் பட்டியலைத் தயாரித்து வைக்கட்டும். வீட்டுக்குச் செல்ல இயலாத நாள்களில் தினமும் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்கும் பொறுப்பை இளைஞர்களிடம் ஒப்படைக்கட்டும். உறக்கமின்றி, உணவின்றி, வாழ்வே வேண்டாமெனப் பேசுவோரிடம் தொழுகையையும் துஆவையும் நினைவூட்டுவதோடு நின்றுவிடாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. மருந்து தேடுமாறு பணித்த மார்க்கம், உள்ளத்தின் நோயை அதிலிருந்து விலக்கி வைக்கவில்லை.

அபூ உபைதா (ரலி) அவர்கள் தம்மை நம்பியிருந்தோரைக் கைவிடாமல் தங்கினார்கள். கதவுகள் அடைபட்ட காலத்திலும் அண்டை வீட்டாரைத் தனித்து விடாதிருப்பதே அவ்வழியில் நடப்பதாகும். அல்லாஹ் நமக்கு அந்தத் தவ்ஃபீக்கைத் தந்தருள்வானாக.