ஒரு நீதிபதி எழுந்து நின்றார்

சேலம் என்றால் நமக்கெல்லாம் மாம்பழம்தான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போவது அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸில் இருக்கும் சேலம். 1692-ம் வருஷம் அங்கே சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். நீதிமன்றத்தில் பதில் சொல்ல மறுத்த ஒரு கிழவரைப் பாறாங்கற்களை ஏற்றியே கொன்றார்கள். விசாரணைக்கு நியமிக்கப்பட்ட ஒன்பது நீதிபதிகளில் ஒருவர் ஸாமுவேல் ஸியூவல். அவருடைய டயரியைப் படித்ததிலிருந்து மனிதர் என்னை விடமாட்டேன் என்கிறார்.

அந்தப் பிரதேசத்துப் பியூரிடன் கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸ்கூடக் கொண்டாட மாட்டார்கள். விளைச்சல் நன்றாக இருந்தால் நன்றி செலுத்த ஒரு நாள். மழை பொய்த்தாலோ கொள்ளைநோய் வந்தாலோ உபவாசத்துக்கு ஒரு நாள். நல்லது நடந்தால் ஆண்டவருடைய கிருபை, கெட்டது நடந்தால் நம்முடைய பாவம். கணக்கு நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு சௌகரியமும் ஒளிந்திருக்கிறது. "நாம் பாவம் செய்தோம்" என்று ஊரே சேர்ந்து சொல்லும்போது ஆளுக்குக் குன்றிமணியளவு பாவம்கூடத் தேறாது.

1696-ல் ஸியூவலின் மனைவிக்கு ஒரு குழந்தை இறந்தே பிறந்தது. அதே வருஷம் டிசம்பர் 23-ந் தேதி இரண்டு வயதுப் பெண் ஸாரா கண்ணை மூடினாள். மறுநாள், குழந்தையை இன்னும் அடக்கம் செய்யவில்லை. மகன் மத்தேயு சுவிசேஷத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்திலிருந்து ஒரு பகுதியை லத்தீனில் ஒப்பித்தான். குற்றமற்றவர்களைத் தண்டித்ததைப் பற்றி அதில் ஒரு வசனம் வருகிறது. அதைக் கேட்டதும் சேலத்து விஷயம் பயங்கரமாக நினைவுக்கு வந்தது என்று தகப்பனார் எழுதிவைத்திருக்கிறார். பையன் பாவம், பாடம்தான் ஒப்பித்தான்.

1697 ஜனவரி 14-ந் தேதியை அரசாங்கம் உபவாச நாளாக அறிவித்தது. இரு தரப்பிலும் தவறுகள் நேர்ந்திருக்கலாம் என்ற தோரணையில் அறிக்கை. தவறுகள் நேர்ந்தன, யாரும் செய்யவில்லை! அன்று பாஸ்டன் தெற்குக் கோயிலில் ஸியூவல் பாதிரியார் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். அவர் அதை உரக்க வாசித்து முடிக்கும்வரை, சபையார் அத்தனை பேரும் பார்க்க, நாற்பத்து நாலு வயது நீதிபதி எழுந்து நின்றார். அந்தப் பழியையும் வெட்கத்தையும் தாமே ஏற்பதாகவும், மனிதர்களும் கடவுளும் மன்னிக்க வேண்டுமென்றும் அதில் இருந்தது.

பிள்ளைகளைப் பறிகொடுத்த பயத்தில் செய்தார் என்று சொல்லலாம். சீட்டிலேயே, தம் குடும்பத்தின்மேல் அடிமேல் அடி விழுவதைக் குறிப்பிடுகிறார். இருக்கட்டுமே! ஜூரிகள் பன்னிரண்டு பேரும் அந்த வருஷமே மன்னிப்புக் கேட்டார்கள். தலைமை நீதிபதி ஸ்டவ்டன் சாகும்வரை வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது.

ஸியூவலை மகானாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. பதவியை அவர் விடவில்லை. 1718-ல் தலைமை நீதிபதியாகவே ஆனார். ஆனால் 1700-ல், அடிமை வியாபாரம் கூடாதென்று, யோசேப்பைச் சகோதரர்கள் விற்ற கதையைத் தலைப்பாக வைத்து ஒரு பிரசுரம் வெளியிட்டார். கனவான்கள் வீடுகளில் அடிமைகள் இருந்த காலம் அது. அவருக்கு நன்றியைவிட வசவுதான் அதிகம் கிடைத்தது. அதையும் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார்.