மனநல சிகிச்சை முடிந்தும் வீட்டில் சேர்க்கலையா? சட்டம் சொல்வது என்ன?

சிகிச்சை முடிஞ்சு தேறிட்டாங்க. ஆனா கூட்டிட்டுப் போக வீட்டிலிருந்து யாரும் வரலை. இதற்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கலாமா? கூடாது என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 19. மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநல பாதிப்புக்கும் இது பொருந்தும்.

சரி, எங்கே போவாங்க? சென்னையில் 1993-ல் தொடங்கிய 'தி பான்யன்' அமைப்பின் 'ஹோம் அகெய்ன்' திட்டம் ஒரு வழி. நாலைந்து பேர் சேர்ந்து, சாதாரணத் தெருவில், வாடகை வீட்டில் வாழ்வாங்க. என்ன சமைப்பது, எப்போ வெளியே போவது எல்லாம் அவங்க முடிவு. துணைக்கு உதவியாளர் இருப்பார். மருத்துவ சிகிச்சையும் தொடரும்.

இரும்புலியூரோ தாம்பரமோ, வீட்டு உரிமையாளர்கள் கதவைத் திறந்தால்தான் இந்த உரிமை நிஜமாகும்.

ஆலோசனைக்கு: டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் இலவசம்.